நீர்க்கரைக்கு இரண்டு நீதியா?

கொழும்பு மாநகரின் நடுவே, பேரே வாவியின் கரையிலே, வானளாவி ஒரு குடியிருப்பு மாளிகை எழுந்து நிற்கின்றது. அல்டெயர் என்பது அதன் பெயர். 240 மீற்றர் உயரமும் 68 மாடிகளும் கொண்ட அக்கட்டடத்தில் ஒரு கோபுரம் நிமிர்ந்து நிற்க, மற்றொன்று அதன்மேற் சாய்ந்து நிற்கின்றது. நாட்டின் வளர்ச்சிக்கு அடையாளம் என்று அதனைச் சுட்டிக் காட்டுவோர் பலர். வாவியைப் பார்த்த வீடு என்றும், நீர்க்காட்சி என்றும் விலை பேசி விற்கப்படுவதில் நம்மவரின் பணமும் கலக்கின்றது. கடல் கடந்து உழைக்கும் தமிழர்களின் சேமிப்பும் கலக்கின்றது.

முரசுமோட்டையில் ஏர் பிடித்து வாழும் நமக்கும் கொழும்பிலே நிற்கும் கோபுரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உளர். தொடர்பு உண்டு. நீருக்கு அருகே நிலம் யாருக்கு உரியது, அதனை யார் தீர்மானிப்பது என்பதே அத்தொடர்பு. இந்த வினாவுக்கு நம் முன்னோர் வன்னியிலே ஒரு விடை கண்டனர். மாநகரங்களோ ஒரே கரைக்கு இரண்டு நீதிகளை வகுத்து வைத்திருக்கின்றன. ஏழை அக்கரையிலே குடிசை போட்டால் அது அத்துமீறல். செல்வந்தன் அக்கரையிலே கோபுரம் எழுப்பினால் அது அபிவிருத்தி! இந்த இரட்டை நீதியைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

நீரின் காணி

வன்னியின் ஊர்ப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். குளம், மடு, ஆறு, மோட்டை என்று முடியும் ஊர்கள் எத்தனை! மோட்டை என்பது நம் நாட்டுப்புறத்தில் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். நம் ஊரின் பெயரிலேயே ஒரு நீர்நிலை இருக்கின்றது. நம் வயல்களோ இரணைமடுவை நம்பியவை. 1902 ஆம் ஆண்டு தொடங்கி, 1920 ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அக்குளம் இன்று 36 அடி நீரைத் தாங்க வல்லது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு அதுவே தாய். கனகராயன் ஆறு அதனை நிரப்பி, மிஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் கடனீரேரிக்குக் கொண்டு செல்கின்றது.

இந்த ஒழுங்கிலே வாழும் கமக்காரன் சில விதிகளை ஏட்டைப் பார்த்துக் கற்றவனல்லன். குளத்தின் அலைகரையில் அவன் வீடு கட்டமாட்டான். வான் பாயும் வழியை அடைக்கமாட்டான். வாய்க்காலின் ஒதுக்கு நிலத்தை ஒருவன் தன் வரம்புக்குள் இழுத்துக்கொண்டால், அயல் வயற்காரன் மறுநாளே வந்து நியாயம் கேட்பான். ஏனெனில், ஒருவன் அடைத்த தண்ணீர் மற்றொருவனின் வீட்டு வாசலில் ஏறும் என்பதை எல்லோரும் அறிவர்.

அவ்வறிவு மங்கும்போது என்ன நேரும் என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். 2018 டிசெம்பர் 21 ஆம், 22 ஆம் திகதிகளிலே கொட்டிய பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்து, விசாரணை வரை சென்றது. தண்ணீர் தன் காணிக்கு உறுதி எழுதி வைப்பதில்லை. ஆயினும் அதன் எல்லையை அது மறப்பதுமில்லை.

வாவியும் கோபுரமும்

இனிக் கொழும்புக்கு வருவோம். பேரே வாவி இயற்கை தந்த ஏரியன்று. போர்த்துக்கேயர் தம் கோட்டையைக் காத்துக்கொள்ள நீரைத் தேக்கி உண்டாக்கியது அது. பிற்காலத்தில் துறைமுகத்துப் பண்டங்களை ஏற்றிய படகுகள் அதன்மீது சென்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் 165 எக்டேயர் பரந்திருந்த வாவி இன்று ஏறத்தாழ 65 எக்டேயராகச் சுருங்கிவிட்டது. மிகுதி நூறு எக்டேயர் எங்கே போயிற்று? மண் இட்டு நிரப்பப்பட்டு, வீதியாகவும் பண்டகசாலையாகவும் மனையாகவும் மாறிற்று. நீர் இழந்த நிலத்தின்மீதே நகரம் வளர்ந்தது.

அல்டெயர் மாளிகையை வரைந்த சிற்பி மோஷே சப்டி உலகப் புகழ் பெற்றவர். அவர் இளைஞராக இருந்தபோது, 1967 ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகக் கனடாவின் மொன்றியல் நகரிலே, சென் லோரன்ஸ் நதிக்கரையில், ஒரு குடியிருப்பை அமைத்தார். 354 கொங்கிறீற் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு தோட்டம் வைத்துக் கட்டப்பட்ட அது, நகரத்துச் சாதாரண குடும்பத்துக்கும் வெளிச்சமும் காற்றும் தோட்டமும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்திலே பிறந்தது. நல்ல எண்ணந்தான்! ஆனால் நடந்தது என்ன? கட்டும் செலவு ஏறிற்று, திட்டம் குறுக்கப்பட்டது, ஈற்றில் அது வசதி படைத்தோரின் வாசத்தலமாயிற்று. சிற்பியின் நல்லெண்ணம் மட்டும் ஏழைக்கு வீடு தந்துவிடாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா? நிலத்தை யாருக்கு, எந்த விதியின்கீழ்க் கொடுப்பது என்று அரசு வகுக்கும் கொள்கையே வீட்டின் கதவை யார் திறப்பார் என்பதைத் தீர்மானிக்கின்றது.

பாதி மக்களும் பத்தில் ஒரு பங்கும்

அக்கொள்கை கொழும்பிலே எவ்வாறு நடந்தது? 2010 ஆம் ஆண்டிலே நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீட்டுத் துறைக்கும் போர்த் துறைக்கும் என்ன உறவு என்று அன்று கேட்டவர் சிலரே. அவ்வாண்டு மே மாதத்திலேயே, வாவியை அடுத்த கொம்பனித்தெருவில், மியூஸ் வீதியிலே குடியிருந்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டன.

மாநகரத்தின் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வாழ்வதாக அதிகாரசபை கணக்கிட்டது. இவர்கள் மாநகரின் சனத்தொகையிற் பாதி. இவர்கள் இருந்த நிலமோ மாநகர நிலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. இவர்களை எழுப்பி உயர்ந்த அடுக்குமாடிகளில் அமர்த்திவிட்டு, விடுபடும் நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடுப்பதே திட்டம். பாதி மக்கள் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் நெருங்கிக் கிடக்க, அந்தப் பங்கும் அதிகம் என்று கருதும் நீதி எத்தகைய நீதி!

எழுப்பப்பட்டோருக்கு வீடு கொடுக்கப்படவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கப்பட்டது. முதற்கட்டத்தில் 400 சதுர அடி அளவான வீடுகள். அவற்றுக்கும் இலட்சக்கணக்கான ரூபாவைப் பல்லாண்டுத் தவணையாகச் செலுத்தும்படி கேட்டனர். தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுகக் கட்டிய வீட்டை இழந்தவன், தான் கேளாத வீட்டுக்குக் கடனாளியானான். தெருவோரத்தில் அப்பம் சுட்டு விற்ற பெண் பன்னிரண்டாம் மாடியில் அடுப்பு மூட்டி யாருக்கு விற்பாள்? மின்தூக்கி பழுதானால் முதியவர் வைத்தியசாலைக்கு எவ்வாறு இறங்குவார்? இவை சிறு வினாக்களல்ல. இம்மக்களிலே தமிழர் உளர், முஸ்லிம்கள் உளர், சிங்களவரும் உளர். வீடு இடிபடும் ஓசைக்கு மொழிப் பேதம் இல்லை. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே முரசுமோட்டையை விட்டுக் கையில் கிடைத்ததைச் சுமந்துகொண்டு புறப்பட்டு, முட்கம்பி முகாம்களில் காத்துக் கிடந்து, திரும்பி வந்து கூரையற்ற சுவர்களைக் கண்ட நமக்கு, அவ்வோசையை எவரும் எடுத்துக் கூறத் தேவையில்லை.

உயரம் நம் பகையன்று

நாம் மாடி வீடுகளுக்கு எதிரிகளா? அல்லோம். கொழும்பு மாநகர சபையின் எல்லை 37 சதுர கிலோமீற்றர் மட்டுமே. அவ்வளவு சிறிய நிலத்திலே மக்கள் பெருகும்போது நகரம் மேலே ஏற வேண்டும். இல்லையேல் பக்கமாகப் பரவி வயலையும் சதுப்பையும் விழுங்கும். ஓர் ஏக்கரில் நூறு குடும்பம் வாழ்ந்தால் மீதி ஏக்கர்கள் தப்பும். கமக்காரனாகிய நாமே இதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள். வெள்ளவத்தையிலே எழுந்த அடுக்குமாடிகளை எண்ணிப் பாருங்கள். போர் துரத்த, வடக்கிலிருந்து வந்த நம்மவர்க்கு அவைதாம் தலைசாய்க்க இடம் தந்தன. ஒரு தளத்திலே யாழ்ப்பாணத்துப் பாட்டியும், மறு தளத்திலே கிளிநொச்சி ஆசிரியையும் அயலவராயினர். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி ஆதனச் சட்டம், மாடி வீட்டைத் தனி உடைமையாக எழுதும் வழியைத் திறந்து வைத்ததனாலேயே இது இயன்றது.

ஆதலின், எத்தனை மாடி என்பது நம் வினாவன்று. நாம் கேட்பன மூன்று. தண்ணீர் எவ்வழியே போகும்? அவ்விடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார்? கட்டிய வீட்டில் உண்மையாகக் குடியிருக்கப் போகிறவர் யார்? இம்மூன்றுக்கும் நேரிய விடை உள்ள கோபுரம் நூறு மாடியாயினும் எழட்டும். விடை இல்லாதது இரண்டு மாடியாயினும் எழலாகாது.

சென்னை கற்பித்த பாடம்

முதல் வினாவை அலட்சியம் செய்த நகரத்தின் கதையைத் தமிழகத் தலைநகர் கூறும். 2015 டிசெம்பர் 1 ஆம் திகதி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றிலே திறந்து விடப்பட்டது. ஆற்றின் கரையோரம் முழுவதும் மனைகளாகவும் மாடிகளாகவும் நெருங்கியிருந்தது. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றே ஆற்றுக்கு மேலாக நீண்டிருந்தது. ஆறு தன் பழைய வழியைத் தேடிற்று. செல்வந்தரின் கீழ்த்தளத்து மோட்டார் வண்டிகளும் குடிசைவாசியின் பானை சட்டிகளும் ஒரே வெள்ளத்தில் மிதந்தன. விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2018 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அதனை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே கூறிற்று.

வெள்ளம் வடிந்த பின்னர் நடந்தது இன்னும் கொடிது. ஆற்றைத் துப்புரவாக்குகின்றோம் என்று கூறி, கரையிலிருந்த ஏழைக் குடும்பங்களை எழுப்பி, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினர். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். 2015 இல் அங்கும் வெள்ளம் நின்றது! வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி வெள்ளத்துக்கே அனுப்பும் விந்தையை வேறெங்கே காண்போம்? அதே ஆற்றங்கரைகளிலே கல்லூரிகளும் மாளிகைகளும் அசையாமல் நின்றன.

அதற்கு முந்திய ஆண்டிலே, 2014 ஜூன் 28 ஆம் திகதி, போரூர் ஏரிக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் குடியிருப்பு ஒன்று மழை நாளிலே நிலைகுலைந்து வீழ்ந்தது. மாண்டவர் 61 பேர். அவர்களிற் பெரும்பாலோர் கூலிக்குக் கல் சுமக்க வந்த தொழிலாளர். தரையின் இயல்பை அறியாமல் உயரத்தை மட்டும் எண்ணினால், முதலில் பலியாகிறவன் அவ்வீட்டில் ஒருநாளும் குடியிருக்கப் போகாதவனே.

தேம்ஸ் நதிக்கரையிலும்

மூன்றாம் வினா, குடியிருக்கப் போவது யார் என்பது, நாகரிகத்தின் உச்சி என்று நாம் வாயாரப் புகழும் இலண்டனிலேயே விடையின்றி நிற்கின்றது. தேம்ஸ் நதிக்கரையில், வோக்சோல் பகுதியிலே, 181 மீற்றர் உயரத்தில் 50 மாடிக் குடியிருப்புக் கோபுரம் ஒன்று உண்டு. அதற்கு அனுமதி கொடுக்க வேண்டா என்று அரசின் திட்டமிடற் பரிசோதகர் பரிந்துரைத்தார். அன்றைய துணைப் பிரதமர் ஜோன் பிரெஸ்கொட் அப்பரிந்துரையைப் புறக்கணித்து 2005 இல் அனுமதி வழங்கினார். கோபுரம் 2014 இல் நிறைவெய்தியது. இரண்டு ஆண்டுகளின் பின்னர் இலண்டன் நாளிதழ் ஒன்று ஆராய்ந்தபோது, அங்குள்ள 214 வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவானவை வெளிநாட்டார் கையில் இருப்பதும், பல வீடுகளில் ஆளரவமே அரிதாயிருப்பதும் வெளிப்பட்டன. வீடு என்பது வாழும் இடம் என்ற நிலை மாறி, பணத்தைப் பூட்டி வைக்கும் பெட்டகமாயிற்று. அதே நகரத்தில் வாடகை கொடுக்க இரவும் பகலும் வேலை செய்யும் நம் இளைஞர்களை நாம் அறிவோம்.

கொழும்பின் நீர்க்கரைக் கோபுரங்களிலும் இந்நோய் பரவாது என்று உறுதி கூற எந்தச் சட்டம் இருக்கின்றது? இந்த நாட்டிலேயே ஒரு காலம் வேறு எண்ணங்கள் இருந்தன. 1973 இல் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, ஒரு குடும்பம் வைத்திருக்கக் கூடிய வீடுகளின் தொகைக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமோ, எளியவரை எழுப்பி விடாமல், இருந்த இடத்திலேயே சிறு கடன் கொடுத்து அவர்கள் கையாலேயே வீட்டைத் திருத்திக்கொள்ள வழி செய்தது. இவ்விரண்டிலும் குறைகள் உண்டு. எனினும், ஏழை தன் இடத்தில் இருக்க உரிமை உள்ளவன் என்ற எண்ணம் அவற்றிலே இருந்தது. அந்த எண்ணமே இன்று இடிந்து கிடக்கின்றது.

கமக்காரன் அறிந்த கூட்டம்

சிறுபோகத்துக்கு முன்னர் நம் மாவட்டத்தில் ஒரு கூட்டம் நடைபெறும். அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு என்று கூறுவார். கமக்காரர் அமைப்புகள் எழுந்து வாதாடும். இந்நீருக்கு இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், இத்தனை பங்குதான் கிடைக்கும், இத்திகதியில் வாய்க்கால் திறக்கும் என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவாகும். அக்கூட்டத்தில் சண்டை உண்டு. முறைகேடு பற்றிய குற்றச்சாட்டும் உண்டு. ஆயினும், தண்ணீரைப் பற்றிய முடிவு அத்தண்ணீரால் வாழ்வோர் கேட்க எடுக்கப்பட வேண்டும் என்ற விதியை எவரும் மறுப்பதில்லை.

மாநகரத்திலே அத்தகைய கூட்டம் எங்கே? வாவிக்கரை நிலம் எவருக்கு, எத்தனை ஆண்டுக் குத்தகைக்கு, என்ன விலைக்குப் போகின்றது என்பதை அவ்வாவிக்கரையில் வாழ்ந்தவன் தன் சுவரிலே ஒட்டப்பட்ட அறிவித்தலைக் கண்டே அறிகின்றான். பத்து ஏக்கர் சிறுபோகத்துக்கு இருக்கும் மக்களாட்சி, பல்லாயிரம் கோடி ரூபா நிலத்துக்கு இல்லை! கொழும்பு 2018 இல் ராம்சார் சாசனத்தின் ஈரநில நகரம் என்ற பட்டத்தைப் பெற்றது. பட்டம் மகிழ்ச்சி தரலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது களனி கங்கை கரை கடந்து கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் களனியிலும் வீடுகளில் ஏறிற்று. நாடு முழுவதும் 600 க்கு மேற்பட்டோர் மாண்டனர். தாழ்நிலங்களை நிரப்பும்போது ஏழையைக் கேட்கவில்லை. வெள்ளம் வந்தபோதோ முதலில் அவனையே தேடி வந்தது.

ஆகவே நாம் கோருவது புதுமையன்று. ஆற்றுக்கும் வாவிக்கும் கால்வாய்க்கும் உரிய ஒதுக்கு நிலத்தின் எல்லை அளந்து மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். அவ்வெல்லைக்குள் குடிசைக்கு இடமில்லையென்றால் கோபுரத்துக்கும் இடமில்லை. ஆபத்து என்று கூறி மக்களை எழுப்பிய நிலம் பின்னர் எவருக்கும் விற்கப்படலாகாது. நீர்க்கரையிலே பெருங்கட்டடம் எழுப்ப விரும்புவோர், தம் இலாபத்தின் ஒரு பங்கை அதே பகுதியிலே சாதாரண குடும்பங்களுக்கான வீடாகத் தர வேண்டும். பூட்டிக் கிடக்கும் மாளிகைக்கு வரி விதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு எடுக்குமுன் அவ்விடத்து மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும்.

நம் வாசலிலே

கொழும்பைக் குறை கூறிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. போருக்குப் பின்னர் கிளிநொச்சி வளர்ந்து வருகின்றது. வீதியோர வயல் நிரப்பப்பட்டுக் கடையாகின்றது. வாய்க்காலின் மேலே மதில் எழுகின்றது. கொங்கிறீற்றுக்கு மணல் வேண்டும் என்று ஆறுகளின் மடியைத் தோண்டுகின்றனர். நம் மாவட்டத்திலே கள்ள மணல் பற்றிய முறைப்பாடு பழகிப்போன செய்தியாகிவிட்டது. மாநகரத்துக் கோபுரத்துக்கும் மணல் ஏதோ ஓர் ஆற்றிலிருந்தே போகின்றது. இன்று சிறு பட்டினமாயுள்ள கிளிநொச்சி நாளை நகரமாகும்போது, கனகராயன் ஆற்றங்கரையும் ஒருவரால் நீர்க்காட்சி என்று விலை பேசப்படும். அன்று விழித்துப் பயனில்லை.

வைத்தியராயும் பொறியியலாளராயும் சட்டத்தரணியாயும் உள்ள நம் கற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ சென்னையிலோ மாடி வீடு வாங்குவது உங்கள் உரிமை. வாங்குமுன், வாவி தெரிகின்றதா என்று மட்டும் பாராதீர்கள். அந்நிலம் முன்பு என்னவாயிருந்தது, அங்கிருந்தோர் எங்கே போயினர், மழை நீர் எவ்வழியே இறங்கும், அனுமதிப் பத்திரங்கள் முறையானவையா என்று கேளுங்கள். உங்களைப் போன்றோர் கேட்டால் விற்பவன் விடை கூறியே ஆகவேண்டும். பொறியியலாளர்களே, வரைபடத்திலே கையொப்பம் இடுமுன், கீழே ஓடும் நீரை நினையுங்கள்.

கமக்கார நண்பர்களே, பிள்ளைக்கு மாடி வீடு வாங்க வயலை விற்கலாமா என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அது அவரவர் வீட்டு முடிவு. ஆனால் அவ்வயலை வாங்குபவன் அதிலே மண் நிரப்பினால், அதன் வெள்ளம் உங்கள் அயலவனின் வாசலில் ஏறும் என்பதை மறவாதீர்கள். அடுத்த போகக் கூட்டத்திலே ஏக்கர்க் கணக்கை மட்டும் பேசாமல், கனகராயன் ஆற்றின் ஒதுக்கு நிலத்தை அளந்து கல் நாட்டுமாறும் கேளுங்கள். கமக்காரர் அமைப்புகள் ஒருமித்துக் கேட்டால், அரசாங்க அதிபராலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாலும் அதனைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. வெள்ளம் வருமுன்னரே அணை கோல வேண்டும். கோபுரம் எழுமுன்னரே எல்லைக்கல் நாட்டப்பட வேண்டும்.